காலிப் புட்டியும் அமானத்தும்

என் மேசை இழுப்பறையில் ஓர் உறை இருக்கிறது. அதனுள் முந்நூறு ரூபாய் வைத்திருக்கிறேன். அது என் பணமன்று. யாருடையது என்பதை நான் நன்கறிவேன். அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்பதைத்தான் அறியேன். தொகை அற்பமானது. எனினும் இரண்டாண்டுகளாக இவ்வுறை என்னைக் கேட்டுவரும் கேள்வி அற்பமானதாகத் தோன்றவில்லை. ஆகவே வாசக நேயர்கள் முன் அதனை வைக்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியே சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையை அறிந்தோர் பலர் இருப்பர். நான் சிறுவனாக இருந்தபோது அச்சாலையின் இருமருங்கும் ஏரிகளும் நெல்வயல்களுமே இருந்தன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை எழுந்தது. வல்லம் வடகாலிலும் பிள்ளைப்பாக்கத்திலும் சிப்காட் தொழிற்பேட்டைகள் விரிந்தன. வயல் இருந்த இடத்தில் ஆலையும், ஆலைக்கு எதிரே வாடகை அறைகளும் வந்தன. விருதுநகரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் அவ்வறைகளில் நான்கு பேர், ஆறு பேராகத் தங்குகின்றனர். ஒப்பந்தம் முடிந்ததும் ஒரே இரவில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவர். அவர்கள் விட்டுச் செல்பவை எப்போதும் இரண்டு: காலிப் புட்டிகளின் குவியல், கடையில் கட்டிய அட்வான்ஸ்.

என் வீட்டின் பின்கட்டில் குடியிருந்த இளைஞர் இருவரும் அவ்வாறே சென்றனர். அவர்களுள் மூத்தவர் விடியற்காலையில் கதவைத் தட்டினார். “பாய், ரெண்டு தண்ணி கேன் இருக்கு. கடைல அட்வான்ஸ் முந்நூறு ரூபா கட்டியிருக்கோம். கேனைக் கொடுத்துட்டு வாங்கி வெச்சுக்குங்க. ஊருக்குப் போய் போன் பண்றேன்” என்றார். “சரி தம்பி” என்றேன். அந்த ஒரு சொல்லால் நான் அவருக்கு வகீலும் ஆனேன், அமானத்தைச் சுமப்பவனும் ஆனேன். அவர் அழைக்கவில்லை. நான் அழைத்தபோது அவருடைய எண் இயங்கவில்லை.

கடைக்காரர் கேன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் விழுந்திருக்கிறது, நிறம் மங்கியிருக்கிறது என்று கூறி இருநூறு மட்டுமே தந்தார். வழக்காடுவது என் வயதிற்கும் தலைப்பாகைக்கும் பொருந்தாது என்று எண்ணி வாங்கிக்கொண்டேன். வீட்டிற்கு வந்த பின்னரே, நான் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நடத்தும் பாடம் நினைவிற்கு வந்தது. வகீல் தன் சொந்தப் பணத்தில் தாராளம் காட்டலாம். தன்னை நியமித்தவரின் கடனில் ஒரு காசைத் தள்ளுபடி செய்யவும் அவருக்கு அதிகாரமில்லை. அந்தப் பிள்ளையின் நூறு ரூபாயில் நான் என் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். நூறு ரூபாயை என் பையிலிருந்து எடுத்து உறையில் சேர்த்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுத வந்திருக்கமாட்டேன். சில வாரங்கள் கழிந்து, ஒரு மாலை சமையல் எரிவாயு சிலிண்டர் வந்தது. கையில் பணம் குறைந்தது. உறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் வேறிரண்டு தாள்களை வைத்தேன். யாருக்கும் நட்டமில்லை, எவருக்கும் தெரியவுமில்லை. ஆனால் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம் இவ்விடத்தில் கண்டிப்பானது. அமானத்தைக் காப்பவரின் கவனக்குறைவின்றிப் பொருள் அழிந்தால் அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. அவர் கை நம்பிக்கைக்குரிய கை. அதில் ஒருமுறை அவர் தம் தேவைக்காகக் கைவைத்துவிட்டாலோ, அக்கை ஈட்டுப் பொறுப்புடைய கையாக மாறிவிடுகிறது; எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டதால் மட்டும் பழைய நிலை மீள்வதில்லை. முப்பதாண்டுகளாக இதை வாசித்தும் வாசிப்பித்தும் வந்தவன் நான்.

இங்கே ஒரு சிறு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். காலிக் கலத்திற்காக நாம் கட்டும் இந்த அட்வான்ஸ், சட்டத்தின் பார்வையில் யாது? விலையா, கடனா, அடைமானமா, அமானத்தா? பெயர் தெரிந்தால்தான் அதன் உரிமை தெரியும்.

என் இளமையில் கோலி சோடா விற்ற கடைகளை நினைத்துக்கொள்கிறேன். கழுத்தில் குண்டு உருளும் அந்தப் புட்டியை இங்கிலாந்தின் ஹைரம் காட் என்பார் 1872இல் தம் உரிமையாகப் பதிவு செய்தார். உள்ளிருக்கும் சோடாவை விடப் புட்டிதான் விலையுயர்ந்தது. ஆகவே கடையின் முன் நின்றே குடித்துவிட்டுப் புட்டியைத் திரும்பக் கொடுக்க வேண்டும். நோயாளிக்காக வீட்டிற்கு எடுத்துச் செல்வதானால் காசு வைத்துவிட்டுப் போக வேண்டும். அங்கே புட்டி கடைக்காரருடையது. நமக்கு இரவலாக வந்தது. காசு அந்த இரவலுக்குப் பிணை. எரிவாயு சிலிண்டரும் இவ்வகையே. இரும்புக் கலம் நிறுவனத்தின் உடைமை. நாம் கட்டிய வைப்புத்தொகை சந்தாச் சீட்டில் எழுதப்பட்டிருக்கிறது. இணைப்பை ஒப்படைக்கும் நாளில், முப்பதாண்டுகளுக்கு முன் எவ்வளவு கட்டினோமோ அந்தத் தொகை திரும்ப வரும். அன்று அது ஒரு குடும்பத்தின் பெருந்தொகை. இன்று அதன் வாங்கும் ஆற்றல் சுருங்கிவிட்டது. இருப்பினும் ஏடு அழியவில்லை. எழுதி வைத்த அமானத்திற்கும் எழுதாத அமானத்திற்கும் உள்ள தூரம் இதுவே.

பிணையோ, அமானத்தோ, பெயர் எதுவாயினும் ஒன்றில் ஐயமில்லை. அது வைத்திருப்பவரின் ஆதாயமன்று. முன்பணம் கட்டியவர் பின்வாங்கினால் அப்பணத்தை விற்பவரே வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி ஃபிக்ஹு நூல்களில் ‘உர்பூன்’ என்ற பெயரால் விவாதிக்கப்படுகிறது. ஹனஃபீ, மாலிகீ, ஷாஃபிஈ அறிஞர்கள் அதனைக் கூடாதென்றனர்; கொடுத்ததற்கு ஈடாக ஒன்றும் பெறாத ஒருவரின் செல்வத்தை உண்பதாகும் என்பது அவர்கள் வாதம். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் வழியினர் அனுமதித்தனர். அனுமதித்தோருக்கும் ஒரு நியாயம் உண்டு: விற்பவர் காத்திருந்தார், வேறு ஆளிடம் விற்கும் வாய்ப்பை இழந்தார். ஆனால் தண்ணீர்க் கேனின் அட்வான்ஸில் அந்த நியாயமும் இல்லை. கேன் திரும்பி வந்த பின்னரும் சீட்டில்லை, கீறல் விழுந்தது, முதலாளி இல்லை என்று நாள் கடத்துபவர் எதை இழந்தார்?

இப்போது, நான் எழுத விரும்பாத ஒரு பொருளை எழுத வேண்டியிருக்கிறது. நம் தமிழகத்தில் காலிப் புட்டிக்குப் பணம் திருப்பித் தரும் பெருந்திட்டம் ஒன்று நடக்குமாயின், அது மதுக்கடையில்தான் நடக்கிறது. மதுவின் சில்லறை விற்பனையை 2003ஆம் ஆண்டின் இறுதியில் அரசின் டாஸ்மாக் நிறுவனம் முழுமையாக ஏற்றுக்கொண்டது. நீலகிரியின் காடுகளிலும் சாலையோரங்களிலும் எறியப்பட்ட புட்டிகள் உடைந்து, யானைகளின் பாதங்களைக் கிழிப்பதைக் குறித்து சென்னை உயர்நீதிமன்றம் கடுமையாகக் கேட்டது. அதன் விளைவாக 2022 மே மாதம் நீலகிரி மாவட்டத்தில் புட்டியொன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைக் கொண்டுவந்தால் அதைத் திருப்பித் தரும் முறை தொடங்கிற்று. பின்னர் படிப்படியாகப் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. கடை ஊழியர்கள் இடமின்மையையும் வேலைச்சுமையையும் சொல்லிப் பல ஊர்களில் முறையிட்டனர். அம்முறையீட்டில் நியாயம் உண்டு. 2025இல் கேரளமும் இருபது ரூபாய் வைத்து இத்தகைய முறையைத் தொடங்கியது.

மது விலக்கப்பட்டது என்று போதிக்கும் ஒருவன் மதுப்புட்டியின் பத்து ரூபாயைப் பற்றிப் பேசலாமா என்று சில நண்பர்கள் புருவம் உயர்த்தக்கூடும். அவர்களுக்கு அப்துல் கைஸ் குலத்தாரின் தூதுக்குழுவை நினைவூட்டுகிறேன். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அக்குழுவினரிடம், மது ஊறவைக்கப் பயன்பட்ட சுரைக்குடுக்கை, பச்சை மெருகிட்ட சாடி, குடைந்த மரக்கட்டை, கீல் பூசிய கலம் ஆகியவற்றைக்கூடப் பயன்படுத்த வேண்டாமென்று தடுத்தார்கள். மக்களின் உள்ளம் மதுவை விட்டு நீங்கி உறுதிப்பட்ட பின், கலங்கள் அனுமதிக்கப்பட்டன; போதை தரும் பானம் மட்டும் தடையாகவே நின்றது. பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து இது. குற்றம் கலத்தில் இல்லை என்று அன்றே தீர்ந்துவிட்டது. உடைந்த கண்ணாடியோ, அதை எறிந்தவரின் மதத்தைக் கேட்டு வயலில் நாற்று நடும் பெண்ணின் காலைக் கிழிப்பதில்லை.

குடித்தவரின் பத்து ரூபாயும் அமானத்தே என்று நான் சொல்வதற்கு இன்னும் பெரிய சான்று ஹிஜ்ரத்தின் இரவில் இருக்கிறது. கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு வெளியேறியபோது, அவர்களுடைய உயிரைக் குறிவைத்திருந்த அதே ஊரார் பாதுகாப்பிற்காக ஒப்படைத்திருந்த பொருள்கள் அவர்களிடம் இருந்தன. அவற்றை உரியவர்களிடம் சேர்ப்பிப்பதற்காக அலீ (ரலி) அவர்களை நிறுத்தி வைத்தார்கள். மூன்று நாள் தங்கி, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்த பிறகே அலீ (ரலி) மதீனா புறப்பட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அமானத்துகளை அவற்றிற்குரியோரிடம் சேர்த்துவிடுமாறு கட்டளையிடும் அன்னிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனமும் உரியவர் நல்லவரா, தீயவரா என்ற பிரிவைச் சொல்லவில்லை.

தமிழ் மரபும் இதனை அறியாததன்று. வதீஆ என்று அரபியர் சொன்னதை நம் முன்னோர் அடைக்கலம் என்றனர். சிலப்பதிகாரத்தில் கண்ணகியைக் கவுந்தியடிகள் மாதரி என்னும் இடைக்குலப் பெண்ணிடம் ஒப்படைக்கிறார். அடைக்கலமாக வந்தவர்கள் அழிந்தனர் என்று அறிந்தபோது மாதரி தீயில் விழுந்து உயிர் நீக்கிறாள். கொலையில் அவளுக்குப் பங்கில்லை. தற்கொலையை நம் மார்க்கம் ஏற்பதில்லை, அது வேறு. ஒப்படைக்கப்பட்டதைக் காப்பதில் ஓர் எளிய பெண் கொண்டிருந்த பொறுப்புணர்ச்சியின் ஆழத்தையே இங்கு எண்ணிப் பார்க்கிறேன்.

சரி, குடித்தவர் புட்டியை ஏரிக்கரையில் எறிந்துவிட்டுப் போய்விடுகிறார். கோணிப்பையைத் தோளில் மாட்டிய சிறுவனோ முதியவளோ அதை எடுத்துக் கடையில் கொடுத்துப் பத்து ரூபாய் பெறுகின்றனர். பணம் கட்டியவர் ஒருவர், பெற்றவர் வேறொருவர். இது முறையா? ஒரு மாணவன் இதையே என்னிடம் கேட்டான். “ஹஜ்ரத், அது லுகதா ஆகாதா? கண்டெடுத்த பொருளை ஓராண்டு அறிவித்த பிறகுதானே அனுபவிக்கலாம்?” நல்ல கேள்வி. ஆனால் லுகதா என்பது உரியவர் தவறவிட்டது. தேடி வருவார் என்று எதிர்பார்க்கப்படுவது. எறியப்பட்ட புட்டியோ உரியவர் மனமறிந்து புறக்கணித்தது. இதனை நூல்கள் ‘இஃராள்’ என்று குறிக்கும். அறுவடை முடிந்த வயலில் உழவர் பொறுக்காமல் விட்ட கதிர்களை ஏழைகள் பொறுக்கிக்கொள்வதற்கு இதுவே ஆதாரம். பத்து ரூபாய் கிடைக்கும் என்று அறிந்தே எறிந்தவர், கண்ணாடியோடு அந்தப் பத்து ரூபாயையும் எறிந்துவிட்டார். பொறுக்கியவர் திருடவுமில்லை, பிச்சை ஏற்கவுமில்லை. பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்றென்று நாம் மேடையில் பேசுகிறோம். அதைத் தம் கைகளால் செய்தவர் கூலி பெறுகிறார்.

கூலி கொடுத்தால் நன்மை வியாபாரமாகிவிடாதா என்று கேட்போரும் உளர். என் சிறுவயதில் தெருவில் ‘பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவி வருவார் ஒருவர். ஓட்டைப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் பழத்தை வாங்கித் தின்ற நாங்கள் எவரும் அதனால் ஒழுக்கம் கெட்டுப்போகவில்லை. ஓட்டைப் பாத்திரம் தெருவில் கிடக்கவுமில்லை. ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பானக் கலங்களுக்குக் கட்டாய வைப்புத்தொகை உண்டு. இன்று அது 25 சென்ட். அங்கே சிலர், திருப்பிக் கொடுக்க நேரமில்லாதபோது, புட்டியைக் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் அதன் அருகே நிறுத்தி வைத்துவிட்டுச் செல்வதுண்டாம். சேகரிக்கும் ஏழை தொட்டிக்குள் கைவிட வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக. வியாபாரத்தின் நடுவே இப்படியும் ஒரு ஸதகா நடக்கிறது.

கடினமான இடம் இனிமேல்தான். எவரும் திருப்பாத புட்டியின் பணம் யாருக்கு? பொறுக்குவாரும் காணாமல் காட்டுப் புதரிலும் ஏரிச் சேற்றிலும் புதைந்துபோன புட்டிகளின் பணம் எங்கோ ஒரு கணக்கில் நிற்கும். ஜெர்மனியில் அது பானம் தயாரிக்கும் நிறுவனங்களிடமே தங்கிவிடுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் முக்கால் பங்கு சுற்றுச்சூழல் சீரமைப்பிற்காக அரசுக்கும், கால் பங்கு கடைகளுக்கும் செல்கிறது. இரண்டாவது முறை எனக்கு நீதிக்கு அருகில் தோன்றுகிறது. திரும்பாத ஒவ்வொரு புட்டியும் ஓரிடத்தில் ஒரு தீங்காகக் கிடக்கிறது. அதன் பிணைப் பணம் அத்தீங்கைச் சரிசெய்யவே உரியது. கண்ணாடி கிழித்த காலுக்கு மருந்து, துப்புரவுத் தொழிலாளியின் கைக்கு உறை, ஏரிக்கரையைத் தூய்மை செய்பவருக்குக் கூலி என்று அது போகட்டும்.

வைத்திருப்பவரிடமே அது தங்கினால் நேரும் கேட்டை நான் என் உறையிலிருந்தே அறிவேன். பிறர் மறதியால் நமக்குப் பணம் சேருமாயின், அவர் மறக்க வேண்டும் என்று உள்ளத்தின் ஒரு மூலை விரும்பத் தொடங்கும். சீட்டு எழுத மாட்டோம். திருப்பித் தரும் நேரத்தைக் குறுக்குவோம். கீறலைத் தேடுவோம். இவற்றுள் எதுவும் திருட்டாகத் தோன்றாது. கடைக்காரருக்கு நூறு ரூபாயில் நேர்ந்தது, எனக்கு இருநூறில் நேர்ந்தது. கோடிக்கணக்கில் கையாளும் நிறுவனத்திற்கு, அது அரசானாலும் தனியாரானாலும், நேராது என்று நம்ப என் அனுபவம் இடம் தரவில்லை. தனிக் கணக்கும், எவரும் பார்க்கக்கூடிய ஏடும் வேண்டும் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எம் பகுதியிலேயே கலம் திரும்பி வரும் முறை எவ்வளவு செம்மையாக நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வாகன ஆலைகளில் பணிபுரியும் என் பழைய மாணவர்கள் சொல்வார்கள்: உதிரிப் பாகங்கள் வரும் பிளாஸ்டிக் பெட்டிகளும் இரும்புச் சட்டங்களும் எண்ணி இறக்கப்படுகின்றன; காலியானவை எண்ணி ஏற்றப்பட்டு, வந்த லாரியிலேயே திரும்பிப் போகின்றன. ஒரு பெட்டி குறைந்தாலும் தொலைபேசி மணி ஒலிக்கும். அதே ஆலையின் மதிலுக்கு வெளியே, அங்கு பணிபுரிவோர் குடித்த தண்ணீர்ப் புட்டியையும் தின்ற தின்பண்டத்தின் உறையையும் எண்ணுவாரில்லை. தமிழக அரசு 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பதினான்கு வகையைத் தடைசெய்தது. 2016ஆம் ஆண்டின் மத்திய விதிகள் தயாரிப்பாளரே தம் கழிவிற்குப் பொறுப்பு என்றன. 2022இல் அதற்கு விரிவான நெறிமுறைகளும் வந்தன. ஆனால் அப்பொறுப்பு நிறுவனத்திற்கும் மறுசுழற்சி செய்பவருக்கும் இடையே சான்றிதழாகக் கைமாறுகிறது. எண்ணெய் வாங்கிய பெண்ணின் கையில் ஒரு காசும் திரும்புவதில்லை; பிளாஸ்டிக் உறையைப் பொறுக்கும் முதியவளுக்குப் பழைய பொருள் கடையின் எடைதான் கதி. மதுப்புட்டிக்குச் செய்ய முடிந்ததைத் தண்ணீர்ப் புட்டிக்கு ஏன் செய்யக்கூடாது? மதுவிற்கு முடிந்தது மதுவை விற்பவர் ஒருவரே என்பதால் என்று கூறுவர். உண்மைதான். பல விற்பனையாளரைக் கொண்ட ஜெர்மனியிலும் முடிந்திருக்கிறது என்பதும் உண்மை.

என் உறையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். உரியவரைக் காணும் நம்பிக்கை அற்றுப்போனால் அவர் பெயரால் தர்மம் செய்துவிடலாம். பின்னர் அவர் வந்து கேட்டால் என் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்பதே அறிஞர்கள் காட்டும் வழி. ஆனால் நம்பிக்கை அற்றுவிட்டது என்று சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அவரை வேலைக்கு அழைத்து வந்த ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் இருமுறை விசாரித்தேன். மூன்றாம் முறை செல்ல எண்ணியிருக்கிறேன்.

சென்ற மாதம் பின்கட்டிற்குப் புதிதாக மூன்று பிள்ளைகள் வந்தனர். அதே கடைக்காரர் இரண்டு கேன்களை இறக்கிவிட்டு அட்வான்ஸ் கேட்டார். இப்போது கேனுக்கு இருநூறு. “சீட்டு எழுதிக் கொடுங்கள்” என்றேன். “கேனுக்கு யாரு பாய் சீட்டு எழுதுவா?” என்று சிரித்தார். நான் நகரவில்லை. சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தவர், சுவரில் தொங்கிய நாட்காட்டியிலிருந்து முந்தைய நாளின் தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் இரண்டு கேன், நானூறு ரூபாய் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்தப் பிள்ளைகள் அத்தாளை என்னிடமே கொடுத்து வைத்திருக்கின்றனர்.

அதற்கு வேறோர் உறை வாங்கினேன்.